பாண்டியா, புதுவையா, புதுச்சேரியா? கிளை வைத்த கடைக்காரர் படும் பாடு தெரியுமா?

புதுச்சேரிக்கு ரயிலில் வந்தால் நிலையத்தின் குறியீடு பி.டி.ஒய்! விமானத்தில் வந்தால் பி.என்.ஒய்! வெளியே நிற்கும் உள்ளூர் வண்டியின் நம்பர் பிளேட்டில் பி.ஒய்! ஜிஎஸ்டி கணக்கில் பார்த்தால் எழுத்தே கிடையாது, வெறும் 34! பேச்சில் பாண்டி, பாட்டில் புதுவை, பெயர்ப்பலகையில் புதுச்சேரி, பழைய பத்திரத்தில் பாண்டிச்சேரி. மனிதர்களுக்கு இதில் ஒரு சிக்கலும் இல்லை. "பாண்டி பஸ் எங்கண்ணே நிக்கும்?" என்று கேட்டவருக்கு, ஊர் பெயர் மாறிவிட்டது தம்பி என்று யாரும் பாடம் எடுப்பதில்லை. தலை சுற்றுவது கைப்பேசிக்குள் இருக்கும் வரைபடத்துக்கும் தேடுபொறிக்கும்தான். அதில் அடிபடுபவர் யார் தெரியுமா? நாலு ஊரில் கிளை வைத்திருக்கும் கடைக்காரர்!

நம்பிக்கை இல்லையா? முத்துக்குமரன் ஸ்டோர்ஸ் என்று ஒரு கடையைக் கற்பனையாகத் திறந்துகொள்வோம். தலைமைக் கடை புதுச்சேரி புஸ்ஸி வீதியில். கிளைகள் காரைக்காலில், மாஹேயில், ஏனாமில், ஆரோவில்லில். கடை மட்டும்தான் கற்பனை. மற்றதெல்லாம் நிஜம்.

முதலில், தேடுபொறி ஒரு கடையை எப்படி அடையாளம் காண்கிறது தெரியுமா? பெயர், முகவரி, தொலைபேசி எண். இந்த மூன்றையும் கூகுள் மேப், ஜஸ்ட் டயல், ஃபேஸ்புக், கடையின் சொந்த இணையதளம் என்று கிடைக்கிற இடத்திலெல்லாம் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறது. ஒத்துப்போனால் ஒரே கடை. ஒத்துப்போகாவிட்டால் இரண்டு கடை. சில சமயம் அதைவிட மோசம்: இரண்டு கிளைகளை ஒன்றாகத் தைத்து, காரைக்கால் நம்பரைக் கொண்டுவந்து புஸ்ஸி வீதிப் படத்துக்குக் கீழே ஒட்டிவிடும். ஃபோன் அடித்தால் 130 கிலோமீட்டர் தள்ளி எடுப்பார்கள்!

புஸ்ஸி வீதி என்றேனே, அப்படி ஒரு வீதி அரசாங்கக் காகிதத்தில் உண்டா? அதன் பெயர் லால் பகதூர் சாஸ்திரி வீதி! பிரெஞ்சுத் தளபதியின் பெயர் போய் இந்தியப் பிரதமரின் பெயர் வந்து பல காலம் ஆகிறது. ஆனால் வாயில் வருவது இன்றும் புஸ்ஸிதான். இந்த ஒரு வீதியை நாலு பேர் நாலு விதமாக எழுதுவார்கள்: புஸ்ஸி ஸ்ட்ரீட், ரூ புஸ்ஸி, எல்.பி.எஸ். வீதி, முழு நீளத்தில் லால் பகதூர் சாஸ்திரி சாலை. நேரு வீதிக்கு முன்பிருந்த பெயர் தூப்ளேக்ஸ் வீதி. கடற்கரைச் சாலையோ இதற்கெல்லாம் மேலே! பிரெஞ்சுக் காலத்தில் கூர் ஷப்ரோல். பிறகு, புதுச்சேரியின் முதல் முதலமைச்சர் எதுவார் குபேர் பெயரில் குபேர் அவென்யூ. சுற்றுலாக்காரருக்கு ப்ராமனாட். உள்ளூர்க்காரருக்குப் பீச் ரோடு. அந்தச் சாலையில் கிளை திறக்கிறவர், இதில் எதை முகவரியாக எழுதுவது என்று முதல் நாளே ஒரு முடிவெடுத்து, பிறகு எந்தத் தளத்திலும் அதை மாற்றாமல் இருந்தால் பாதிக் கிணறு தாண்டியதாக அர்த்தம்.

இப்போது கிளைகளுக்குப் போவோம். இங்கேதான் அடேங்கப்பா!

புதுச்சேரி யூனியன் பிரதேசம் ஒரே துண்டு நிலமல்ல என்பது பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான். காரைக்கால் காவிரிக் கழிமுகத்தில். மாஹே கேரளத்துக்குள், அரபிக்கடல் ஓரம். ஏனாம் ஆந்திரத்தில், காக்கிநாடாவுக்குப் பக்கத்தில், கோதாவரிக் கரையில். ஆனால் ஒரே அரசின் கீழ் இருக்கும் இந்த நாலு ஊருக்கும் தொலைபேசிக் குறியீடு நாலு என்பது தெரியுமா? புதுச்சேரி 0413. காரைக்கால் 04368. மாஹே 0490, இது தலச்சேரியின் எண். ஏனாம் 0884, இது காக்கிநாடாவின் எண். அஞ்சல் குறியீட்டைப் பாருங்கள்: புதுச்சேரி 605001, காரைக்கால் 609602, மாஹே 673310, ஏனாம் 533464. முதல் எண்ணே மாறுகிறது! அஞ்சல் துறைக்கு 6 என்றால் தமிழகமும் கேரளமும் உள்ள தென்கோடி. 5 என்றால் ஆந்திரப் பக்கம். ஏனாம் கடிதம் அந்தப் பக்கமாகத்தான் போகிறது.

ஆக, எண்களை மட்டும் பார்க்கும் ஒரு கணினிக்கு ஏனாம் கிளை ஆந்திரக் கடை, மாஹே கிளை கேரளக் கடை. ஆனால் ஜிஎஸ்டி சட்டத்தின் கண்ணுக்கு நாலும் ஒரே கடை! ஒரு மாநிலத்துக்குள் எத்தனை கிளை இருந்தாலும் ஒரே பதிவில் கூடுதல் வணிக இடங்களாகச் சேர்த்துக்கொள்ளலாம். முத்துக்குமரன் ஸ்டோர்ஸின் இந்த நாலு ஊர்க் கடைகளுக்கும் 34 என்று தொடங்கும் ஒரே 15 இலக்க எண் போதும். 800 கிலோமீட்டருக்கும் மேலே சாலையில் போய்ச் சேர வேண்டிய ஏனாமுக்கும் அதே எண். கூப்பிடு தூரத்துக் கடலூரில் கடை போட்டாலோ புதிய பதிவு, புதிய எண், தொடக்கம் 33!

இருங்கள், ஆரோவில் கிளையை மறந்துவிட்டோம். 1968 பிப்ரவரி 28 அன்று தொடங்கப்பட்ட இந்த நகரத்தைப் புதுச்சேரி என்றே உலகம் நினைக்கிறது. தொலைபேசிக் குறியீடு 0413. அஞ்சல் குறியீடு 605101. இரண்டும் புதுச்சேரியைப் போலவே! ஆனால் அதன் பெரும்பகுதி இருப்பது தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்தில். ரசீதில் மாநிலக் குறியீடு 33. மாஹே கிளை எண்ணளவில் வேற்றூர், அரசளவில் சொந்தம். ஆரோவில் கிளை எண்ணளவில் சொந்தம், அரசளவில் வேற்றூர். முகவரியில் 'புதுச்சேரி' என்று போட்டால் மாநிலம் தப்பு, 'தமிழ்நாடு' என்று போட்டால் கூரியர்க்காரர் ஒரு முறை புருவத்தை உயர்த்துவார். 605 என்று தொடங்குவதை வைத்து முடிவுகட்டவும் முடியாது; விழுப்புரம் நகரமே 605602தான்!

ஊர்ப் பெயர் அதிகாரபூர்வமாக மாறியது எப்போது என்று கேட்டால் பலரும் விடுதலைக் காலம் என்பார்கள். இல்லை. 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படி இணைந்தது. பெயரோ 2006 அக்டோபர் 1 வரை பாண்டிச்சேரிதான். அதற்கென்று நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டது. ஆனால் 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த மத்தியப் பல்கலைக்கழகம் ஆங்கிலத்தில் இன்னும் பாண்டிச்சேரி யுனிவர்சிட்டிதான்! அதே கிழக்குக் கடற்கரைச் சாலையில், பாண்டிச்சேரி பொறியியல் கல்லூரி 2020-இல் புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக மாறிவிட்டது. பக்கத்துப் பக்கத்தில் ஒரு பாண்டிச்சேரி, ஒரு புதுச்சேரி. இரண்டுமே சரி. பல்கலைக்கழகத்தின் பெயரைத் 'திருத்தி' எழுதுகிற அதிமேதாவிகள்தான் தப்பு.

சரி, கடையின் பெயருக்கு வருவோம். முத்துக்குமரன் என்பதைத் தமிழில் எழுத ஒரே வழி. ஆங்கில எழுத்தில்? சென்னைக்காரர் எம்-யு-டி-எச் என்று தொடங்கி 12 எழுத்தில் முடித்துவிடுவார். பிரெஞ்சுப் பதிவேடுகளின் மரபில் வந்த புதுச்சேரிக் குடும்பமோ, உகரம் வருகிற இடத்திலெல்லாம் ஓ, யு என்று இரண்டெழுத்து போட்டு, ககரத்துக்கு சி போட்டு, கடைசியில் ஓசையே இல்லாத ஒரு இ-யையும் கட்டிவிட்டு 16 எழுத்தில் எழுதும்! பழைய கொம்யூன் பெயர்களை ஆங்கில எழுத்தில் பாருங்கள். உழவர்கரை 'ஊல்காரே' ஆகிறது. பாகூரிலும் அரியாங்குப்பத்திலும் அதே ஓ-யு. பெயர்ப்பலகை ஒரு மாதிரி, பாஸ்போர்ட் ஒரு மாதிரி, கடை உரிமம் ஒரு மாதிரி இருப்பது இந்த ஊரில் வீட்டுக்கு வீடு உள்ள கதை.

இந்த இரண்டு முத்துக்குமரனும் ஒருவரே என்று ஓர் இயந்திரத்தால் கண்டுபிடிக்க முடியுமா? முடியும்! அதுவும் நூறு வருஷத்துக்கு முந்தைய முறையால்!

1918-இல் அமெரிக்காவில் ராபர்ட் ரஸ்ஸல் என்பவர் ஒரு காப்புரிமை வாங்கினார். சவுண்டெக்ஸ் என்று பெயர் பெற்ற முறை அது. ஒரு பெயரின் முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, உயிரெழுத்துகளைத் தூக்கி எறிந்துவிட்டு, ஒலியில் நெருங்கிய மெய்யெழுத்துகளுக்கு ஒரே எண்ணைக் கொடுப்பது. டி-க்கு 3, சி-க்கும் கே-க்கும் 2, எம்-முக்கும் என்-னுக்கும் 5. மூன்று எண் சேர்ந்ததும் நிறுத்திவிட வேண்டும். 1930-களில் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகளை அட்டவணைப்படுத்த இதைத்தான் பயன்படுத்தினார்கள். நம் முத்துக்குமரனை அதில் போடுங்கள். 12 எழுத்துக்காரர்: எம்325. 16 எழுத்துக்காரர்: எம்325! பிரெஞ்சுக்காரனும் ஆங்கிலேயனும் சேர்ந்து பிரித்த பெயரைப் பக்கத்தில்கூட வராத அமெரிக்கர் ஒட்டவைத்துவிட்டார்!

உடனே கைதட்டாதீர்கள். அதே முறையில் கந்தசாமியைப் போட்டுப் பாருங்கள். ஆங்கில வழியில் முதல் எழுத்து கே, பிரெஞ்சு வழியில் சி. முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொள்வதுதானே விதி? கே532, சி532. கந்தசாமி இரண்டாகிவிட்டார். ஊரின் பெயரையே போட்டால்? பாண்டிச்சேரி பி532, புதுச்சேரி பி326. போச்சு! இரண்டும் ஒட்டவே இல்லை. 1965-இல் சோவியத் கணிதர் விளாதிமிர் லெவன்ஷ்டைன் சொன்ன இன்னொரு முறை உண்டு: ஒரு சொல்லை மற்றொன்றாக மாற்ற எத்தனை எழுத்தைத் திருத்த வேண்டும் என்று எண்ணுவது. அதன்படி இந்த இரண்டு பெயருக்கும் இடையே மூன்றே மூன்று திருத்தம். ஒன்றில் அந்நியர், மற்றொன்றில் நெருங்கிய உறவு! இன்றைய தேடுபொறிகள் இவற்றைவிடப் பெரிய வித்தைக்காரர்கள்தான். ஆனால் சவுண்டெக்ஸ் இன்றும் மைஎஸ்க்யூஎல் போன்ற தரவுத்தள மென்பொருள்களில் ஒரு கட்டளையாக உட்கார்ந்திருக்கிறது. உங்கள் பெயரை எந்தத் தளம் எந்த முறையில் ஒப்பிடுகிறது என்பது உங்களுக்குத் தெரியப்போவதில்லை. எழுத்து மாறாமல் ஒரே மாதிரி எழுதிவிட்டால் எல்லா முறையிலும் பாஸ்.

எழுத்து மாறி ஊர் பெயர் பதிவானது இணையத்தோடு வந்த வியாதி என்றா நினைத்தீர்கள்? சுமார் 2000 வருடம் பின்னால் போங்கள்! கிரேக்க வணிகர் ஒருவர் துறைமுகம் துறைமுகமாக, எங்கே என்ன சரக்கு கிடைக்கும் என்று எழுதிவைத்த எரித்ரேயக் கடல் பெரிப்ளுஸ் நூலில், சோழமண்டலக் கரையில் 'பொதுகே' என்று ஒரு துறை வருகிறது. புதுச்சேரியை ஒட்டிய அரிக்கமேட்டைத்தான் அது குறிக்கிறது என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. பண்டைய புவியியலாளர் தாலமியும் கிட்டத்தட்ட அதே பெயரைத் தருகிறார். வணிகர் கைப்பட்டியலில் நம் ஊர் ஏறிய முதல் நாளிலேயே எழுத்து இப்படி!

இன்னொன்று: மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும் ஹைதராபாத் அரபிந்தோ ஃபார்மாவும் பெயரளவில் ஒன்று என்பது தெரியுமா? 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய மருத்துவர் கோ. வெங்கடசாமி, தாம் வணங்கிய புதுச்சேரி மகான் அரவிந்தரின் பெயரைத் தமிழ் ஒலியில் வைத்தார். மருந்து நிறுவனம் வங்காள ஒலியை எடுத்துக்கொண்டது. அதன் முதல் ஆலை ஓடத் தொடங்கியதும் புதுச்சேரியில்தான். மருத்துவமனையின் புதுச்சேரிக் கிளை தவளக்குப்பத்தில் இருக்கிறது. மூல ஊருக்கே திரும்பி வந்தபோதும் 'அரபிந்தோ' என்று மாற்றிக்கொள்ளவில்லை. எல்லா ஊரிலும் அரவிந்த்தான். பல கிளை நடத்துகிறவர்கள் படிக்க வேண்டிய பாடம் இதுதான் என்பேன். உள்ளூர்க்காரருக்குப் பிடிக்கட்டும் என்று ஊருக்கு ஊர் பெயரை வளைத்தால், தேடுகிறவர் கையில் சிக்காது.

கிளையின் பெயரே கடையின் பெயராகிவிட்ட கூத்தும் உண்டு. அடையார் ஆனந்த பவன் முளைத்தது அடையாரில் அல்ல! வண்ணாரப்பேட்டையில், ஸ்ரீ ஆனந்த பவன் என்ற பெயரில். பிறகு அடையாரில் திறந்த கடை பேர்வாங்கி, அந்த ஊர் பெயர் முன்னால் ஏறி உட்கார்ந்துகொண்டது. இன்று அடையாற்றைப் பார்த்தேயிராத ஊர்களிலும் அடையார். அதற்கும் சுருக்கம் ஏ2பி. ஒரே கடைக்கு இரண்டு பெயர் புழக்கத்தில் இருக்கிறது. அவ்வளவு பெரிய நிறுவனம், சமாளித்துக்கொள்கிறது. சின்னக் கடைக்காரர் இதைப் பார்த்துச் சூடு போட்டுக்கொள்ள வேண்டாம். திண்டுக்கல்லில் 1957-இல் நாகசாமி நாயுடு தொடங்கிய பிரியாணிக் கடையின் பெயர் ஆனந்த விலாஸ். அவர் தலையில் கட்டிய தலைப்பாகைதான் பின்னால் தலப்பாக்கட்டி என்று பெயராக நின்றது. 'கட்டி'யா 'கட்டு'வா என்று ஒத்த பெயர்கள் ஊரெல்லாம் முளைக்க, விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. ஒரு ஒற்றை உயிரெழுத்துக்கு வக்கீல் ஃபீஸ்!

இதையெல்லாம் ஒழுங்குபடுத்தும் கூகுளின் யோக்கியதை என்ன தெரியுமா? 'உங்கள் கடையின் பெயரை மாற்றாதீர்கள்' என்று சொல்லும் அந்தச் சேவையின் பெயர் முதலில் லோக்கல் பிசினஸ் சென்டர். 2010-இல் கூகுள் ப்ளேசஸ். 2012-இல் கூகுள் ப்ளஸ் லோக்கல். 2014-இல் கூகுள் மை பிசினஸ். 2021 முதல் கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல்! ஊருக்குத்தான் உபதேசம்.

ஆனால் உபதேசம் என்னவோ சரியான உபதேசம். வாசல் பலகையில் என்ன பெயர் இருக்கிறதோ அதுவே வரைபடத்திலும். 'முத்துக்குமரன் ஸ்டோர்ஸ், பாண்டியின் நம்பர் ஒன் மளிகை' என்று வால் சேர்க்கக் கூடாது. விளம்பர வாசகம் பெயரில் ஏறினால் பதிவையே முடக்கிவிடுவார்கள். 'முத்துக்குமரன் ஸ்டோர்ஸ் காரைக்கால் பிராஞ்ச்' என்றும் வேண்டாம். ஊர் இருக்க வேண்டிய இடம் முகவரி. ஒரு நாட்டுக்குள் எல்லாக் கிளைக்கும் ஒரே பெயர். அப்படியானால் எது எந்தக் கிளை என்று நிர்வாகம் எப்படிப் பிரிப்பது? அதற்கென்று வாடிக்கையாளர் கண்ணில் படாத ஸ்டோர் கோட் என்று ஒரு பெட்டி உள்ளே இருக்கிறது. அதில் காரை-1, மாஹே-1 என்று இஷ்டத்துக்குப் போட்டுக்கொள்ளலாம். தொலைபேசியும் முடிந்தவரை அந்தந்தக் கிளையின் எண்ணாகவே இருக்க வேண்டும். ஏனாமில் சர்க்கரை வாங்கப் போகிறவர் 0413-க்கு அடித்து என்ன செய்ய?

வங்கிகள் இந்தத் தந்திரத்தை எப்போதோ கண்டுபிடித்துவிட்டன. கிளைகள் ஆயிரக்கணக்கில், வங்கியின் பெயர் ஒன்று, பிரித்துச் சொல்ல 11 இடங்கள் கொண்ட ஐஎஃப்எஸ்சி. அதில் ஐந்தாவது இடம் எப்போதும் பூஜ்யம் என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? உணவுக் கடை என்றால் எஃப்எஸ்எஸ்ஏஐ தரும் 14 இலக்க உரிம எண் இடத்துக்கு இடம் வேறு. ஜிஎஸ்டி விதி 18-ஐப் படித்தால் இன்னும் ஆச்சரியம்: பதிவு எண்ணை ஒவ்வொரு கிளையின் வாசல் பெயர்ப்பலகையிலும் எழுதியே ஆக வேண்டும்! ஒரு வீதி முழுக்க நடந்து எத்தனை பலகையில் அது இருக்கிறது என்று பாருங்கள், நல்ல பொழுதுபோக்கு.

தலைகீழ்க் கதையும் உண்டு. ஃபாசோஸ், பெஹ்ரூஸ் பிரியாணி, ஓவன் ஸ்டோரி என்று மூன்று கடையில் ஆர்டர் போட்டவருக்கு மூன்றும் ஒரே அடுப்படியிலிருந்து வரலாம். மூன்றும் ரெபெல் ஃபுட்ஸ் என்ற ஒரே நிறுவனத்தின் பெயர்கள்!

வெளியூர்க்காரர் ஒருவர் 'பாண்டி ஷாப்பிங்' என்று தேடினால் எங்கே போய் நிற்பார் என்று சொல்லுங்கள்? சென்னை தியாகராய நகரில்! பாண்டி பஜார் இருப்பது அங்கேதான். நீதிக்கட்சித் தலைவர் ஊ.பு.அ. சௌந்தரபாண்டியனாரின் பெயர் சுருங்கிப் பாண்டியானது என்பார்கள். கடைப் பெயரில் 'பாண்டி' என்று செல்லமாகச் சேர்ப்பவர்கள் இந்தப் போட்டியையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெயரும் வேண்டாம், வீதியும் வேண்டாம், இடத்துக்கு நேரடியாக ஒரு எண் கொடுத்துவிட்டால் தீர்ந்ததா? அதையும் செய்துவிட்டார்கள்! 2025 மே மாதம் அஞ்சல் துறை டிஜிபின் என்ற ஒன்றை வெளியிட்டது. ஹைதராபாத் ஐஐடியும் இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையமும் சேர்ந்து உருவாக்கிய முறை. இந்தியா முழுவதையும் ஏறத்தாழ 4 மீட்டருக்கு 4 மீட்டர் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்துக்கும் 10 எழுத்து, எண் கொண்ட குறியீடு. புஸ்ஸியா சாஸ்திரியா என்ற சண்டை அதற்குத் தெரியாது; மாஹேயும் ஏனாமும் எந்த அரசின் கீழ் என்ற கவலையும் கிடையாது. ஆனால் அது நீள அகலத்தை மட்டும்தான் அளக்கிறது, உயரத்தை அல்ல. கீழே முத்துக்குமரன் ஸ்டோர்ஸ், மாடியில் ஒரு டெய்லர் கடை என்று இருந்தால் இரண்டுக்கும் ஒரே குறியீடு! மளிகை மூட்டையோடு வந்த பையன் அண்ணாந்து பலகையைப் படித்துத்தான் ஆக வேண்டும்.